பெட்டிக்குக் கால் எதற்கு?

"மனை மலிவுன்னா ரெண்டே காரணம்தான் சார்" என்றார் புரோக்கர். "ஒண்ணு, ஏரி தொறந்தா தண்ணி வர்ற வழி. இல்லாட்டி, பக்கத்துல ஏதாவது பழைய கல்லு கெடக்கும்."

என் மச்சானுக்கு வீட்டுமனை பார்க்கக் குன்றத்தூர்ப் பக்கம் போயிருந்தோம். முதல் காரணம் உடனே புரிந்தது. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர் வழியாகத்தான் அடையாற்றில் போய்ச் சேர்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டாவது காரணம் எனக்குப் புதிது. என்ன கல் என்று கேட்டேன். "அதெல்லாம் தெரியாது. சென்ட்ரல் கவர்மென்ட் போர்டு வெச்சிருக்கான். நூறு மீட்டருக்குள்ள ஒரு செங்கல் வைக்க முடியாது. என்.ஓ.சி. வாங்கித் தரேன்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க."

மச்சான் வண்டியைத் திருப்பு என்றான். எனக்கு மனையைவிடக் கல்தான் பிடித்துப்போனது.

புரோக்கர் சொன்ன நூறு மீட்டர் சட்டத்தில் இருப்பதுதான். பழைமையான நினைவுச் சின்னங்களுக்கான 1958ஆம் ஆண்டுச் சட்டத்தை 2010இல் திருத்தியபோது, பாதுகாக்கப்பட்ட இடத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக்கட்டடமே கூடாது, அதற்கு அப்பால் இன்னொரு 200 மீட்டருக்கு அனுமதி பெற்றுத்தான் கட்டலாம் என்று ஆக்கினார்கள். தாஜ்மகாலுக்கு இருக்கும் அதே சட்டம்தான் சிறுகளத்தூர் முட்புதருக்குள் கிடக்கும் கற்களுக்கும். சிறுகளத்தூர் மட்டுமல்ல, குன்றத்தூரை ஒட்டிய நந்தம்பாக்கம் (பரங்கிமலைப் பக்கத்து நந்தம்பாக்கம் வேறு), எருமையூர் ஆகியவையும் இந்தியத் தொல்லியல் துறையின் பட்டியலில் உள்ள பெருங்கற்காலப் புதைவிடங்கள். பூந்தமல்லி பஸ் நிலையத்திலிருந்து வண்டியில் போனால் எல்லாமே கைக்கெட்டும் தூரம்.

அம்பத்தூரில் வளர்ந்தவனுக்குப் பழமை என்றால் திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலின் எருக்கந்தூண்கள்தான். அதற்கு முந்தியதெல்லாம் ஆதிச்சநல்லூரிலும் கீழடியிலும் இருக்கவேண்டியவை. எங்கள் ஊர் வரலாறே 1964இல் தொழிற்பேட்டையோடுதான் தொடங்குகிறது என்று பாதி விளையாட்டாகச் சொல்லிக்கொள்வோம். வீட்டிலிருந்து அரைமணி நேரத்தில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட கல்லறைகள் இருக்கின்றன என்பதை ஒரு நிலத் தரகர் சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

நேரில் பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை என்றுதான் முதலில் தோன்றும். சீமைக்கருவேலம் மண்டிய சரளைமேடு. முழங்கால் உயரத்துக்குப் பாதி புதைந்த உருண்டைப் பாறைகள். ஒன்றைப் பார்த்ததும் அதற்கு அடுத்தது எங்கே என்று கண் தானாகத் தேடும். மூன்றாவது, நான்காவது கிடைத்ததும் வளைவு தெரியும். சுற்றி நடந்தால் வட்டம் மூடிக்கொள்ளும். வட்டத்துக்குள் தரை சற்றே மேடு. மேட்டில் கையளவுக் கற்கள் இறுக்கமாகக் கிடந்தன. சில வட்டங்களில் பாதிக் கற்கள் இல்லை. யார் வீட்டு அஸ்திவாரத்தில் இருக்கின்றனவோ. கொஞ்சம் தள்ளி, மஞ்சள் பெயின்ட் அடித்த மனைக்கற்கள் நேர்கோட்டில் நின்றன.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் கேட்டேன். "இது என்ன ஆயா?"

"அது குள்ளனுங்க வூடுப்பா. எங்க மாமியா சொல்லும். முழம் ஒசரந்தான் இருப்பானுங்களாம். நெருப்பு மழ பேஞ்சப்ப உள்ளாற பூந்துகினானுங்க."

"அப்புறம் வெளிய வரலியா?"

"வந்திருந்தா நம்ம எங்க இருக்கறது?" என்று சிரித்துவிட்டு ஆட்டை விரட்டப் போய்விட்டார்.

இந்தக் கதைக்குத் தமிழ்நாடு முழுக்க உறவுக்காரர்கள் உண்டு. சில ஊர்களில் குள்ளர் வீடு, சில ஊர்களில் பாண்டவர் வனவாசத்தில் தங்கிய குழி, இன்னும் சில இடங்களில் வாலியர் வீடு. தாழி கிடைக்கும் ஊர்களில் வேறொரு கதை: முன்காலத்தில் கிழடுகளுக்குச் சாவே வராதாம், வயதாக ஆகச் சுருங்கிச் சுருங்கிக் குழந்தை அளவாகிவிடுவார்களாம், வீட்டார் அவர்களைப் பெரிய தாழிக்குள் உட்காரவைத்து, சோறும் விளக்கும் வைத்து மூடிவிடுவார்களாம். கேட்டால் சிரிப்பு வரலாம். ஆனால் இந்தக் கதைகளை உண்டாக்கியவர்கள் கண்ணால் பார்த்ததிலிருந்துதான் கிளம்பியிருக்கிறார்கள். சிறிய கல்லறை, அதில் ஆள் நுழைய முடியாத ஓட்டை, பானையோடு எலும்பு. இவற்றை வைத்துக்கொண்டு ஒரு விடை சொல்லவேண்டும்; சொன்னார்கள்.

படித்தவர்கள் சொன்னது இதைவிட மேல் என்று சொல்ல முடியவில்லை. 1823இல் பாபிங்டன் என்ற ஆங்கிலேயர் மலபாரில் தாம் திறந்து பார்த்த 'பாண்டு குழி'களைப் பற்றி எழுதினார். அதிலிருந்துதான் இந்த ஆராய்ச்சி தொடங்குகிறது. 1847இல் நீலகிரிக் கல்வட்டங்களைப் பற்றி எழுதிய கேப்டன் காங்கிரீவ், மத்திய ஆசியாவின் சித்தியர்களையும் பிரிட்டனின் துருயிதுப் பூசாரிகளையும் ஒன்றாகச் சேர்த்து நீலகிரியில் கொண்டுவந்து இறக்கினார். 1872இல் உலகத்துப் பெருங்கற்கள் அனைத்தையும் ஒரே நூலில் அடக்கிய ஜேம்ஸ் ஃபெர்குசன், இவையெல்லாம் நாம் நினைப்பதைவிட மிகப் பிந்தியவை என்று அடித்துச் சொன்னார். ஊரில் தமக்குப் பரிச்சயமான கல் இங்கேயும் இருந்தால், ஊரிலிருந்தே யாரோ கொண்டுவந்திருக்க வேண்டும் என்பதுதான் அவர்களில் பலருடைய கணக்கு. குள்ளனுக்குப் பதில் சித்தியன், அவ்வளவுதான்.

இந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்தவர் மெடோஸ் டெய்லர். சோராப்பூர் சமஸ்தானத்தில் அதிகாரியாக இருந்தவர். ஐரோப்பாவோடு ஒப்பிடும் ஆசை அவருக்கும் இருந்தது. ஆனால் குழியைத் தோண்டும்போது எந்த மண்ணுக்குக் கீழே எந்த மண், எந்த ஆழத்தில் எந்தப் பானை என்று வெட்டுமுகப் படம் வரைந்துவைத்தார். அவருடைய முடிவுகள் காலாவதியாகிவிட்டன. படங்கள் இன்றும் பயன்படுகின்றன.

சிறுகளத்தூர் வட்டங்களுக்குள் என்ன இருக்கும் என்று ஊகிக்க, தென்பக்கம் மதுராந்தகத்துக்கு அருகிலுள்ள சானூருக்குப் போகவேண்டும். தொல்லியல் துறை 1950இலும் 1952இலும் அங்கே சில வட்டங்களை முறையாகத் திறந்தது. பானர்ஜியும் சௌந்தரராஜனும் எழுதிய அறிக்கை 1959இல் வெளிவந்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1949இல், வி. டி. கிருஷ்ணசுவாமி தென்னிந்தியப் பெருங்கற்களை வகைபிரித்துப் பெயர் சூட்டியிருந்தார். தரைக்கு மேல் பலகைக் கற்களால் நிற்பது கல்திட்டை. தரைக்குக் கீழே அதே மாதிரி இருப்பது கற்பதுக்கை. தனியாக நடப்பட்டது நெடுங்கல். நம் பக்கத்தில் இருப்பவை பெரும்பாலும் கற்குவையோடு கூடிய கல்வட்டங்கள்.

அவற்றின் அமைப்பு இப்படி: முதலில் ஒரு குழி. குழியின் அடியில் பானைகள், கிண்ணங்கள், இரும்புக் கருவிகள். பானைகளில் பலவும் உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு என்று சுட்ட வகை. நடுவில் சுட்ட மண்ணால் ஆன பேழை, அதற்குள் கொஞ்சம் எலும்பு. சில குழிகளில் பேழை இருக்காது. பிறகு மண்ணிட்டு நிரப்பி, மேலே சரளைக் கற்களைக் குவித்து, குவியல் சரிந்துவிடாமல் சுற்றிலும் பெரிய கற்களைப் பதிக்கிறார்கள். ஆக, இன்றைக்கு நாம் போய் நின்று படம் எடுக்கும் வட்டம், குவியலைப் பிடித்து நிறுத்தும் விளிம்பு. மழையில் மண் கரைந்து, சின்னக் கற்கள் சாலைக்கும் வீட்டுக்கும் போனபின் எஞ்சியிருக்கும் ஓரம். அந்த ஓரத்தை மட்டும் வைத்துக்கொண்டு இது கோயிலா, மன்றமா, வானியல் கூடமா என்று கேட்கிறோம்.

வானியல் கேள்வி அபத்தமானதல்ல. 1960களில் வானியலாளர் ஜெரால்டு ஹாக்கின்ஸ் இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சைக் கணினியில் போட்டு, அது கிரகணத்தைக் கணிக்கும் கருவி என்று எழுதியது முதல் உலகெங்கும் கல்லைக் கண்டால் காம்பஸை எடுப்பது வழக்கமாகிவிட்டது. நம் பக்கத்திலும் அதற்கு இடமுண்டு. கர்நாடகத்தின் நிலஸ்கல், பைசே ஆகிய இடங்களில் வரிசையாக நிற்கும் நெடுங்கற்கள் கதிரவன் வடகோடி, தென்கோடி தொடும் நாள்களின் உதய அஸ்தமனத் திசைகளோடு பொருந்துகின்றன என்று ஸ்ரீகுமார் மேனனும் மயங்க் வாஹியாவும் அளந்து காட்டினார்கள். தெலங்கானாவின் முடுமாலில் சுமார் 80 நெடுங்கற்கள் நிற்கின்றன. 2025இல் அது யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே ஒரு கல்லில் உள்ள சிறு குழிகள் சப்தரிஷி மண்டலத்தைக் குறிப்பவை என்கிறார் பேராசிரியர் கே. பி. ராவ். நெடுங்கல் வரிசைக்கு ஒரு திசை உண்டு. அது எதைப் பார்க்கிறது என்று கேட்கலாம். வட்டத்தை எப்படிக் கேட்பது? என் நண்பர் ஒருவர் கைப்பேசிக் காம்பஸோடு சிறுகளத்தூருக்கு வந்தார். எந்த இரண்டு கல்லைச் சேர்த்தாலும் ஏதாவது ஒரு நட்சத்திரம் மாட்டியது. உற்சாகமாக இருந்தார். நான் குறுக்கே பேசவில்லை.

எனக்கு உறுத்தியது எலும்பு. இவ்வளவு பெரிய வேலை நடந்திருக்கிறது, உள்ளே முழு ஆளே இல்லை. சில துண்டுகள், பல இடங்களில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுடையவை. 1947இல் பிரம்மகிரியைத் தோண்டிய மார்ட்டிமர் வீலரும் இதைத்தான் கண்டார்: உடல் வேறெங்கோ அழிய விடப்பட்டு, பிறகு எலும்பைப் பொறுக்கி இங்கே வைத்திருக்கிறார்கள். பதுக்கைகளின் ஒரு பலகையில், பெரும்பாலும் கிழக்குப் பக்கத்தில், குடைந்திருக்கும் வட்டத் துளைக்கு 'உயிர் போக வழி' என்று அழகாக ஒரு விளக்கம் உண்டு. அடுத்தடுத்து எலும்பு சேர்க்க அது வசதியான வாசல் என்பது இன்னொரு விளக்கம். நான் இரண்டாவது கட்சி. அழகான விளக்கத்தின் மேல் எனக்கு எப்போதும் கொஞ்சம் சந்தேகம்.

இதெல்லாம் வெறும் ஊகமல்ல என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. ஜார்க்கண்டின் முண்டா மக்கள் எலும்பை எடுத்துக் குலத்துக்குரிய பலகைக் கல்லின் கீழே சேர்ப்பார்கள். சொக்கஹாட்டுவில் அப்படிப்பட்ட கற்கள் பரந்து கிடக்கின்றன. மேகாலயத்தின் காசி மக்களிடம் எரித்த எலும்பைக் குலத்தின் கல்லறையில் கொண்டுபோய் வைக்கும் மரபு இருந்தது. ஸ்டோன்ஹெஞ்சுக்கே ஒரு முக்கியமான விளக்கம், கல் வைத்து வாழும் மரபிலிருந்துதான் கிடைத்தது. மடகாஸ்கரிலிருந்து வந்த ராமிலிசொனினா என்ற தொல்லியலாளர் அதைப் பார்த்துவிட்டு, கல் முன்னோருக்கு, மரம் உயிரோடிருப்பவருக்கு, இதில் என்ன குழப்பம் என்று கேட்டார். 1998இல் அவரும் பிரிட்டிஷ் தொல்லியலாளர் பார்க்கர் பியர்சனும் சேர்ந்து அதைக் கட்டுரையாக்கினார்கள்.

நமக்குத் தனியாக ஒரு வசதி, பழைய இலக்கியம். 1946இல் கே. ஆர். சீனிவாசன் தென்னிந்தியப் புதைவுகளைத் தமிழ் நூல்களோடு சேர்த்துப் படித்தார். மணிமேகலையில் சுடுகாட்டை ஒட்டிய சக்கரவாளக் கோட்டத்தைச் சொல்லும் இடத்தில் பிணத்தை எரிப்பது, வெறுமனே போட்டுவிடுவது, குழியில் புதைப்பது, பள்ளத்தில் அடைப்பது, தாழியால் கவிப்பது என்று ஐந்து வழக்கங்கள் ஒரே ஊரில் நடக்கின்றன. ஒரே காலம், ஒரே மக்கள், ஒரே முறை என்று தேடுவோருக்கு இது பெரிய தலைவலி. புறநானூற்றில் இன்னொன்றைக் கவனித்தேன். 228ஆம் பாட்டில் கிள்ளிவளவன் இறந்ததும் ஐயூர் முடவனார் பேசுவது குயவரிடம்: இத்தனை பெரியவனுக்கு எவ்வளவு பெரிய தாழி வனைவாய் என்று. 256இல் கணவனை இழந்த பெண் கேட்பதும் குயவரிடம்தான்: எனக்கும் சேர்த்து அகலமாகச் செய் என்று. துக்க வீட்டிலிருந்து முதல் பேச்சு மண் பிசைபவரிடம் போகிறது. இரண்டு நூற்றாண்டுகளாக இந்தக் கேள்வியோடு யார் யாரிடமோ போனோம், அவரிடம் போகவில்லை.

போகவேண்டும் என்று தோன்றியது எழும்பூர் அருங்காட்சியகத்தில். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ பல்லாவரத்துக் குன்றுப் பக்கம் எடுத்த மண்பேழை அங்கே வந்து சேர்ந்தது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டிபோல நீளமான பெட்டி. அடியில் வரிசை வரிசையாகக் குட்டைக் கால்கள். மூலைக்கு ஒன்றாக நான்கு என்றால் கட்டில் என்று விட்டுவிடலாம். இதில் நடுவிலும் வரிசை போகிறது. மண்ணுக்குள் போய் நிரந்தரமாகக் கிடக்கப்போகும் பெட்டிக்கு இத்தனை கால் எதற்கு? இறந்தவரின் படுக்கை என்பது ஒரு விடை. விலங்கு என்பது இன்னொன்று. கடப்பை மாவட்டத்துச் சங்கவரத்தில் கிடைத்த பேழைக்கு ஆட்டுக்கடாத் தலையே இருக்கிறது, கால்கள் ஆட்டின் கால்களாகிவிட்டன. நான் கண்ணாடியருகே குனிந்து பார்த்தேன். கால்கள் தனித்தனியாகச் செய்து ஒட்டியவைபோல இருந்தன. ஒட்டிய இடத்தில் மண்ணை இழுத்து வழித்த தடம். யாரோ குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக வைத்த வேலை.

திருநின்றவூருக்கு அப்பால் இன்னும் சூளை வைத்திருக்கும் ஒருவரிடம் கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். பொங்கல் பானை, அகல், சாவுக்குக் கொள்ளிக்குடம் என்று செய்பவர். படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, தலையையோ வடிவத்தையோ பார்க்காமல் நேரே அடிப்பக்கத்துக்குப் போனார்.

"எவ்ளோ நீளம் சார்?"

"ஆள் படுக்கற நீளத்துக்கும் உண்டு அண்ணே. சின்னதும் உண்டு."

"சக்கரத்துல வராது. கையால தட்டித்தான் எழுப்பியிருக்கணும்." கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். "கால் இல்லாம இத சூளையில வெச்சா அடி வேகாது. மேல செவந்துடும், அடி பச்சையா நிக்கும். தண்ணி பட்டா கரைஞ்சுடும். நெருப்பு அடியில பூந்து போவணும்ல?"

"அதுக்கு அடியில முட்டு கொடுத்தாப் போதாதா?"

"குடுக்கலாம். பச்ச மண்ணுல இவ்ளோ பெரிய பெட்டியத் தூக்கி முட்டு மேல வெக்கறவன் யாரு? தூக்கினா நடுவுல ஒடிஞ்சு ரெண்டாயிடும். மொதல்ல கால நட்டு, மேல அடித்தட்ட வெச்சு, அப்பறம் பக்கம் எழுப்பணும். செஞ்ச எடத்துலயே நெழல்ல காயவுட்டு, அங்கயே சுத்தி வெறகு, வைக்கோல் அடுக்கி மூட்டணும். ஓரத்துல மட்டும் கால் வெச்சா நடு தொங்கிடும். அதான் நடுவுலயும் வெச்சிருக்கான்."

படுக்கை, விலங்கு என்ற விளக்கங்கள் இதனால் பொய்யாகிவிடவில்லை. வேகவைக்க வந்த கால், பிறகு யாரோ ஒருவர் கண்ணுக்கு ஆட்டின் காலாகத் தெரிந்திருக்கலாம். சங்கவரத்துக்காரர் தலையையும் சேர்த்துவிட்டார். ஆனால் 'எப்படிச் செய்தான்' என்பதைத் தாண்டிக் குதித்து 'எதற்காகச் செய்தான்' என்று கேட்டதால்தான் சித்தியரும் துருயிதுகளும் உள்ளே வந்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. வட்டக்கல் குவியலைத் தாங்குகிறது, துளை அடுத்த எலும்புக்கு வழிவிடுகிறது, கால் நெருப்பை உள்ளே விடுகிறது. இவ்வளவையும் கழித்த பிறகு மிஞ்சுவதற்குத்தான் நம்பிக்கை என்று பெயர் வைக்கவேண்டும். மிஞ்சுவதும் கொஞ்சமல்ல: துருப்பிடித்த அரிவாள், தேய்த்து மெருகேற்றிய கிண்ணம், சிவகளையில் தாழிக்குள் கிடைத்த நெல். அந்த நெல்லின் காலம் கிமு 1155 என்று 2021இல் தமிழக அரசு அறிவித்தது.

"காய எவ்வளவு நாளாகும் அண்ணே?"

"இந்தத் தடிமனுக்கா? அவசரப்பட்டா விரிசல் உட்டுடும். நல்ல கோடையிலயே வாரக்கணக்குல ஆகும். ஐப்பசி, கார்த்திகைல தொடவே முடியாது. அந்த மாசத்துல செத்தவனுக்குத் தை பொறந்தாதான் பெட்டி."

எனக்குச் சட்டென்று எல்லாம் பொருந்திவிட்டது. வாரக்கணக்கில் பிணத்தை வைத்துக்கொண்டிருக்க முடியாது. ஆக உடலை முதலில் வேறெங்கோ விட்டிருக்கிறார்கள்; பெட்டி தயாரானதும் எலும்பு வந்திருக்கிறது. உள்ளே கொஞ்சமே எலும்பு இருப்பதன் காரணம் சூளைக்குள்ளேயே இருக்கிறது. இதை உற்சாகமாக அவரிடம் சொன்னேன்.

அவர் அசையவில்லை. "அப்படியும் இருக்கலாம். எங்கிட்ட கொள்ளிக்குடம் கேட்டு வர்றவங்க அரைமணில குடுன்னுதான் நிப்பாங்க. அதுக்காக எப்பவும் பத்துப் பதினஞ்சு செஞ்சு அடுக்கி வெச்சிருப்பேன். அவனும் அப்படி நாலு பெட்டி முன்னாடியே போட்டு வெச்சிருந்தான்னா?"

பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். அவரே வழி சொன்னார். "கெடச்ச பெட்டியெல்லாம் ஒரே அளவா சார்? ஒரே அளவுன்னா ஸ்டாக்கு. ஆளுக்கு ஆள் மாறுதுன்னா ஆர்டரு."

"மாறுது. கால் வரிசைகூடப் பெட்டிக்குப் பெட்டி மாறுது."

"அப்ப ஆர்டர்தான்" என்று கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சக்கரத்தைச் சுழற்றினார்.